தோளுக்கு மேலே ஒரு முகம்

எங்கள் கடைக்கு வந்தவர்கள் யாரும் என் அக்காவின் முகத்தைப் பார்த்ததில்லை. அளந்து விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புடவைக்கடையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு புடவையை மெத்தையில் விரித்துக் காட்டினால் மட்டும் அது விற்காது. உடம்பில் போட்டால் எப்படி விழும் என்று வாங்குகிறவளுக்குத் தெரிய வேண்டும். தன் மேல் போட்டுப் பார்க்க அவளுக்கு முதலில் கூச்சமாக இருக்கும். அதனால் விற்பவள் தன் தோளில் போட்டுக் காட்டுவாள். மடிப்பை உதறி, முந்தியை இடது தோளில் சரிய விட்டு, பார்டரைக் கையால் நீவிவிட்டு, லேசாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்பாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா, பெண், பெரியம்மா எல்லோருடைய கண்ணும் அந்தத் தோளில்தான் இருக்கும். அக்கா வாழ்நாள் முழுவதும் அப்படித் திரும்பி நின்றாள்.

கடை தியாகராய நகரில். பெரிய கடைகள் இருக்கிற தெருவில் இல்லை, அதிலிருந்து பிரிகிற சந்தில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்த ஊர்ப் பேச்சு பாதி, மெட்ராஸ் பேச்சு பாதி. அக்கா பள்ளிக்கூடம் முடித்ததும் கடைக்கு வந்து நின்றாள். அவள் தோளில் எந்த நிறமும் எடுபடும். மற்ற கடைக்காரர்கள் வெள்ளை வெளேரென்று பொம்மைகளை வாங்கி வாசலில் நிறுத்தியபோது அப்பா மட்டும் வாங்கவில்லை. "நமக்கு எதுக்கு, நம்ம புள்ளை இருக்கே" என்றார். அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவளுடைய ஒவ்வொரு வயதிலும் ஒவ்வொரு காரணம் சொன்னோம். ஜாதகம் என்றோம், தம்பி படிப்பு முடியட்டும் என்றோம், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றோம். பிறகு எல்லோரும் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஆரம்பத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. தலையைக் குனிந்தபடி காபி கொடுத்துவிட்டு உள்ளே வருவாள். மாப்பிள்ளை எப்படி என்று நான் ஓடிப்போய்க் கேட்டால், "யாருக்குத் தெரியும்? கால் நகத்தை வெட்டாம வந்திருக்கான்" என்பாள். வீடே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

என் பையன் போலந்தில் கிராக்கோ என்ற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். நம் பிள்ளைகள் இப்போது எங்கேதான் இல்லை. அங்கே இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது என்று சொன்ன பிறகு என் மனைவி கிளம்பத் தயாரானாள். என்னால் போக முடியவில்லை. புடவைக்கடைக்காரனுக்கு ஆடித் தள்ளுபடி உண்டு, தீபாவளி உண்டு, தை முகூர்த்தம் உண்டு, லீவு மட்டும் கிடையாது. அதனால் அக்காவும் மனைவியும் போனார்கள். அக்கா விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை.

பையன் ஒரு நாள் அவர்களை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். மனைவிக்கு முட்டி வலி. முதல் கூடத்திலேயே பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா மட்டும் அவனோடு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பையன் எனக்குப் போன் செய்தான். "அப்பா, அத்தை ஒரு படத்துக்கு முன்னாடி நின்னுட்டாங்க. நகர மாட்டேங்கறாங்க. வாட்ச்மேன் ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாரு" என்றான். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "என்னக்கா அங்க?" என்றேன்.

"ஒருத்தி என்னையே பாத்துக்கிட்டு இருக்காப்பா. வாரேன், இரு" என்றாள்.

அந்தப் படத்தின் அச்சுப் பிரதி ஒன்றைப் பையன் அங்கேயே வாங்கி, அட்டைக் குழாயில் சுருட்டிக் கொடுத்தனுப்பினான். ஊருக்கு வந்ததும் விரித்துக் காட்டினாள். சில நூறு வருஷம் பழைய படம். வரைந்தவர் அந்த ஊர்க்காரர் என்பதைத் தவிர அவரைப் பற்றி ஒன்றும் தெரியாதாம், பேர் கூட. படத்தில் இருப்பவள் பேரும் தெரியாது. தகரத்தில் வரைந்தது. தகரம் சதுரமாக இல்லாமல் ஆறு மூலையாக வெட்டப்பட்டிருந்தது. ஐம்பது வயதிருக்கும் பெண். தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. கன்னம் ஒட்டி, மூக்கு கொஞ்சம் கோணி, அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கண். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கூடவே வந்தது. கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். அக்கா குழாயை மூடி பீரோ மேல் வைத்தாள்.

சில மாதங்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வாயு என்றாள். பிறகு புளிப்பு என்றாள். அதன் பிறகுதான் டாக்டரிடம் போனோம். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது அடையாற்றில். அடையாறு போய் வருகிறோம் என்று சொன்னால் சென்னையில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, பஸ்ஸா ஆட்டோவா என்று மட்டும் கேட்பார்கள். நாங்களும் அடையாறு போய் வந்துகொண்டிருந்தோம்.

மருந்து ஏற ஏற அவள் எங்கள் மந்தைவெளி வீட்டில் பெரும்பாலும் படுத்தே இருந்தாள். ஒரு நாள், "அந்தக் குழாயை எடுப்பா. அவளுக்கு ஒரு ஃபிரேம் போட்டுக்கொண்டா" என்றாள். அவள் எதையாவது கேட்டாளே என்று எனக்குச் சந்தோஷம். மயிலாப்பூரில் குளத்தை ஒட்டி ஃபிரேம் போடுகிற கடை ஒன்று பல காலமாக இருக்கிறது. முருகனும் மகாலட்சுமியும் காலமாகிப்போன பெரியவர்களும் அங்கே ஒரே சுவரில் சாய்ந்திருப்பார்கள். கடைக்காரர் யாரோடோ போனில் சண்டை போட்டுக்கொண்டே படத்தை வாங்கி வைத்தார். "நல்லா போடுங்க, காசைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எல்லாம் அந்த வாக்கியத்தால் வந்த வினை.

சொன்ன நாளில் போனேன். செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, தயாராக வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கூடத்தில் வைத்துப் பிரித்தேன். அக்கா சோபாவில் சாய்ந்திருந்தாள். மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். மாடி வீட்டு மாமியும் அப்போதுதான் உடம்பு விசாரிக்க வந்திருந்தாள்.

போலந்துக்காரியின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம். கழுத்தைச் சுற்றிச் சந்தன மாலை. தலைக்கு மேல் குட்டியாக ஒரு சிவப்பு பல்பு, ஒயரோடு.

நாங்கள் வாய் திறப்பதற்குள் மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்காத்துலயும் ஒரு வெள்ளைக்கார அம்மா படம் பூஜை ரூம்ல இருக்கு. இவா எந்த ஆசிரமம்? கண்ணைப் பாருங்கோ, தேஜஸ் கொட்டறது" என்றாள். தெரியவில்லை மாமி, பையன் அனுப்பினான் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். மாமி இன்னொரு முறை கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, போதும் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள். அவள் நோயில் விழுந்த பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கோ கோபம் தலைக்கேறியது. வீட்டில் உடம்பு சரியில்லாதவள் இருக்கும்போது மாலை போட்ட படத்தைக் கொண்டுவந்து பிரித்திருக்கிறேன். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"இன்னா சார் நீ, மயிலாப்பூர்ல வெள்ளைக்கார அம்மா படத்தைக் குடுத்து நல்லா போடுன்னா நான் இன்னான்னு நெனைக்கறது? சாமியார் அம்மான்னு நெனச்சிக்கினேன். மாலைக்கும் பல்புக்கும் ஒரு பைசா எக்ஸ்ட்ரா வாங்கலையே. நல்லாத்தானே கீது?" என்றார்.

அக்கா கையை நீட்டிப் போனை வைக்கச் சொன்னாள். "அந்த ஆளைத் திட்டாத. செத்தவளுக்குத்தான் மாலை போட்டிருக்கார். இதுல என்ன தப்பு?"

"முந்நூறு வருசத்துக்கு முந்தி செத்தவளுக்கா?" என்றேன்.

"இந்தப் படமே அவ சாவுக்கு வரைஞ்சதுதான்" என்றாள்.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பையன் அங்கே எழுதியிருந்ததைப் படித்துச் சொல்லியிருக்கிறான். அந்தக் காலத்தில் அந்த ஊரில் பெரிய குடும்பங்களில் ஒருவர் இறந்தால், முகத்தைத் தகரத்தில் வரைந்து சவப்பெட்டியின் தலைமாட்டில் பொருத்துவார்களாம். பெட்டியின் அந்த முனை ஆறு மூலையாக இருப்பதால் தகரமும் ஆறு மூலை. கண்ணை மூடிப் படுத்திருப்பவளாக வரைய மாட்டார்கள். உயிரோடு, விழித்துப் பார்க்கிறவளாகத்தான் வரைவார்கள். காரியத்துக்கு வந்தவர்களை அந்த முகம் பார்த்துக்கொண்டே இருக்கும். புதைப்பதற்கு முன் படத்தைக் கழற்றி மாதா கோயிலில் மாட்டிவிடுவார்களாம்.

மனைவி இரண்டடி பின்னால் போனாள். "மதினி, பொணத்துக்கு வரைஞ்ச படத்தையா நடுக் கூடத்துல மாட்டணும்ங்கீங்க?"

"கூடத்துல வேண்டாம், எனக்கு எதுக்க மாட்டுங்க" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பெல்லாம் அடங்கியிருந்தது. "ஏலே, எனக்கும் இதே மாதிரி ஒரு படம் வேணும். இப்பவே எடுத்து வச்சிரணும்."

நான் எழுந்துகொண்டேன். வாயைக் கழுவு என்றேன். அவள் விடவில்லை.

"நான் சொல்லுததைக் கேளு. எல்லாரும் என் தோளைத்தான் பாத்தாங்க. நானும் கடையில ஒருத்தரையும் நேரா பாத்ததில்ல. கஸ்டமர் கண்ணைப் பாத்தா கூச்சப்பட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க, புடவையைப் பாத்துக்கிட்டே பேசுன்னு அப்பா சொல்லிக்கொடுத்தது. பொண்ணு பாக்க வந்தப்பவும் குனிஞ்சுதான் நின்னேன். போன பெறகாவது வாரவங்களை நேரா பாக்கணும்ல? அவங்களும் என்னைப் பாக்கணும்ல?"

பால்கனியில் போய் நின்றேன். பறக்கும் ரயில் ஒன்று மேலே போனது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவளுக்குக் கேட்கக் கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் இருக்கும் ஆல்பங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண போட்டோக்களில் ஜோடிகள் நடுவில் நிற்க, அவள் ஓரத்தில் யாருடைய குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு, அதற்குப் பராக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டைப் படத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அதில் எல்லோரும் திருடர்கள்.

தெருக்கோடி ஸ்டுடியோவுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஸ்டுடியோக்காரர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, "ஆன்ட்டி, கொஞ்சம் சிரிச்சிக்கினு இருங்க" என்று கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. எதற்கு இந்தப் படம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் வயதான ஒருத்தி தனியாக உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டால் ஸ்டுடியோக்காரர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அவருக்குத் தெரிந்த உபசாரத்தை அவர் செய்தார். மறுநாள் படம் வந்தபோது சுருக்கமெல்லாம் போயிருந்தது. நிறம் ஏறியிருந்தது. முடி கொட்டிய தலையில் போட்டிருந்த முக்காடு போய் நல்ல அடர்த்தியான முடி வந்திருந்தது. பின்னால் நீல வானம். பருத்திப் புடவைக்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் தயாராக வைத்திருக்கும், பட்டுப்புடவை கட்டிய ஏதோ ஓர் உடம்பை வெட்டி, கழுத்துக்குக் கீழே ஒட்டியிருந்தார். அட்டிகை வேறு.

அக்கா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது நம்ம கடைப் புடவை இல்ல" என்றாள். கொஞ்சம் கழித்து, "தோளும் என்னுது இல்ல" என்றாள். படத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆடிக் கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் அவளே கடைக்குப் போகலாம் என்றாள். அதே ஸ்டுடியோக்காரரை வரச் சொன்னேன். கடை திறந்து, விளக்கு ஏற்றி, ஊதுபத்தி வைத்திருந்தார்கள். விற்பனைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா எப்போதும் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. வாடிக்கையாளர்கள் உட்காரும் பக்கம் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மருந்தில் முடி எல்லாம் கொட்டிப்போயிருந்ததால் வெள்ளை நூல் புடவையின் தலைப்பால் தலையைச் சுற்றி மூடியிருந்தாள். விற்பனைப் பெண் ஒருத்தி நல்ல அரக்குப் பட்டு ஒன்றை எடுத்து வந்து, "தோள்ல மட்டும் போட்டுக்கோங்கக்கா" என்றாள். அக்கா அதை வாங்கி, மடித்து, பக்கத்தில் வைத்தாள்.

ஸ்டுடியோக்காரர் கேமராவைத் தூக்கினார். எதைப் பார்ப்பது என்று அக்காவுக்கு ஒரு கணம் தெரியவில்லை. கண் பழக்கத்தில் மெத்தைக்குப் போனது. பிறகு, "தம்பி, அந்தப் பொட்டியைக் கொஞ்சம் கீழ இறக்கு. உன் மூஞ்சி தெரியட்டும்" என்றாள். அவர் இறக்கினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் அப்படியே நெஞ்சுக்கு நேராக வைத்தபடி எடுத்தார்.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒண்ணும் மாத்தக் கூடாது. நீதான் பாத்துக்கணும்" என்றாள். நான் சத்தியம் செய்யவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. தலையை ஆட்டினேன்.

கார்த்திகை பிறந்த பிறகு, ஒரு பிற்பகலில், காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள் போய்விட்டாள். எதிர்ச் சுவரில் போலந்துக்காரி விழித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கண்ணை மூடியது என் மனைவி. எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் காலை எடுப்பதற்கு முன், கடைச் சந்து வியாபாரிகள் வந்தார்கள். நல்ல மனிதர்கள். கடை வாசலில் வைத்ததைப் போலவே வீட்டு வாசலிலும் வைக்கலாம் என்று கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒன்றை அவர்களாகவே அடித்துக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள். வெளியே சென்று பார்த்தேன். அக்காவின் தலை, வேறொருத்தியின் உடம்பு, நீல வானம், அட்டிகை. அவசரத்தில் போய்க் கேட்டவர்களுக்கு ஸ்டுடியோவில் இருந்த யாரோ அந்தப் பழைய படத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

சித்தப்பா அதன் முன்னால் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். "லட்சணமா இருக்குடா. இதையே பெரிசு பண்ணி வீட்டுக்குள்ளயும் வச்சிருவோம். நீ வச்சிருக்கியே அது என்ன, முக்காடு போட்டுக்கிட்டு, நோயாளி மாதிரி முறைச்சுப் பாத்துக்கிட்டு. நாலு பேர் வந்து போற எடம்" என்றார்.

"அவ கேட்டது அது சித்தப்பா."

"நோயில ஆயிரம் கேப்பாங்க. நம்ம கௌரவத்தையும் பாக்கணும்ல?"

பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. வியாபாரத்தில் வளர்ந்தவன், எல்லோரிடமும் ஆமாம் போட்டே காலத்தை ஓட்டியவன். அன்றைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டின கயிறுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து ஃப்ளெக்ஸை இறக்கினேன். சுருட்டி வியாபாரிகளிடம் கொடுத்து, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சுடுகாட்டுக்கு மட்டும் வந்தார்.

கடையில் எடுத்த படத்தைக் கூடத்தில் வைத்தேன். மாலையைப் படத்தின் மேல் போட வந்த ஒவ்வொருவரிடமும் முகம் மறையாமல் போடச் சொன்னேன். அதையே ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தேன். பையன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து நேராக வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் படத்துக்கு முன்னால் நின்றான். பதினாறாம் நாள் காரியத்துக்குள் என் மனைவியே போலந்துக்காரியை உள்ளேயிருந்து எடுத்துவந்து அக்காவுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். "தனியா இருக்காங்க" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள். அவர்களில் ஈக்காட்டுத்தாங்கலில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்து அம்மா ஒருவர். அவருடைய கல்யாணப் புடவை எங்கள் கடையில் எடுத்தது. மூன்று பெண்களின் கல்யாணத்துக்கும், பேத்தியின் சடங்குக்கும் அக்காவிடம்தான் எடுப்பேன் என்று காத்திருந்து எடுத்தவர். அக்கா கடையில் இல்லாத நாளில் வந்தால் காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போவார். உள்ளே வந்து, கையில் கொண்டுவந்த பூவை வைத்துக்கொண்டு, இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா படம் எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கையைக் காட்டினேன்.

அந்த அம்மா படத்தின் பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இவங்களா" என்றார். "எத்தனை வருசமா... அந்தக் குரல் எனக்கு இப்பவும் காதுல இருக்கு. அந்தத் தோள் இருக்கு. மூஞ்சி..." என்று சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். என் மனைவி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா சாப்பிடப் போகவில்லை. பந்தி முடியும் வரை படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, "நல்ல கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது. இத்தனை காலம் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. எல்லோரும் போய், இலைகளை எடுத்து, கூடத்தைக் கழுவிவிட்ட பிறகு, ஈரத் தரையில் நின்று நானும் படத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருமை. உதட்டு ஓரத்தில் ஒரு சிறு மரு. அது எனக்குத் தெரியும். வலது புருவத்தின் நடுவில் மெல்லிய கோடாக முடி முளைக்காமல் ஒரு இடம் இருந்தது. தழும்பு. அச்சில் வந்த குறை என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. ஆல்பங்களை மறுபடி எடுத்து வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண்ணாக யாரோ ஒரு குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் படத்திலும் அது இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கோபமாக இருந்தாலும் எடுத்தார். "புருவத்துலயா? அப்படி ஒண்ணும் கிடையாதே" என்றார். அப்பாவும் அம்மாவும் இல்லை. ஊரில் கேட்க ஆள் இல்லை. பிறந்த நாளிலிருந்து ஒரே வீட்டில் ஒரே சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். கடையில் அவள் நிற்கும்போது பக்கத்துக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன்.

படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எப்படிக்கா பட்டுச்சு?" என்று கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.